பெல்ட் இல்லாத குளிர்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், சின்னாறு ரோட்டில், சொந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போதே குளிரில் தன் மீசை உறைந்து, ஒரு பக்கம் பட்டென்று ஒடிந்து மடியில் விழுந்ததாகக் காளிச்சாமி சொன்னார். சொன்னதோடு விட்டாரா? ஒடிந்த பாதியைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன் என்று தீப்பெட்டி ஒன்றைத் திறந்தும் காட்டினார். உள்ளே சோளக்கதிர் நார் கிடந்தது. வேலந்தாவளத்து டீக்கடையே குலுங்கியது. அந்தச் சிரிப்பின் சூட்டில் பாய்லர் தானாகக் கொதித்தது என்று மறுநாள் அவரே சொல்லித் திரிவார்.

சிரித்து ஓய்ந்தவர்கள் மூலை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மெக்கானிக் ஏசுரத்தினம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் காரின் முன்சீட்டில் இருந்தவர் அவர்தான். எதையும் நம்பாதவர் என்று அந்த எல்லைப் பக்கம் முழுக்கப் பேர் வாங்கியவரும் அவர்தான். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். நனைந்த கையை முகர்ந்தும் பார்ப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஊருக்குத்தான். அவருக்குப் பாதிப் பானையாவது தின்றால்தான் வெந்ததா என்று தெரியும். இப்படி மனைவி சந்தனமேரி குறைபட்டுக்கொள்வாள்.

ஏசுரத்தினம் டீயை இன்னொரு தடவை ஆற்றினார். ஒரு வருஷமாகவே அந்த விஷயத்தில் வாய் திறந்ததில்லை. கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த வள்ளியாத்தாளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காளிச்சாமியின் தங்கை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வண்டிப்பெரியாரில் ஏதோ ஒரு எஸ்டேட்டில் காளிச்சாமி ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்கக் கார் அது. அதன் மூக்கு வேலந்தாவளத்துக்குள் நுழைந்து டீ குடித்து முடிக்கும்போதுதான் வால் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டும், அத்தனை நீளம். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஏசிப் பெட்டி இருந்தது. வடகரப்பதிப் பக்கம் அதற்கு முன் யாரும் கண்டிராத பண்டம். ஆட்கள் வரிசையில் நின்று, தலையை உள்ளே விட்டுக் குளிர்ந்துவிட்டுப் போனார்கள்.

வள்ளியாத்தாளின் புருஷன் சென்னிமலைக்கு மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற வேலை. வாழ்நாளெல்லாம் கொப்பரை அனலில் நின்று வெந்த மனிதர். ஒருநாள் மைத்துனரிடம் கேட்டார்: "ஒரே ஒரு தடவ அந்தக் குளுருக்குள்ள உக்காந்து, வேடிக்க பாத்துக்கிட்டே மலை எறங்கோணும் மச்சான்." வருகிற மாசம் ஆகட்டும் என்றார் காளிச்சாமி. வருகிற மாசம் ஏசி நின்றுபோயிற்று. அதற்கடுத்த மாசம் கொப்பரைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சென்னிமலை சாய்ந்துவிட்டார்.

எரித்த சாம்பலைக் கலயத்தில் சேர்த்து, மஞ்சள் துணி கட்டினார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று ஆலைக் கொட்டகை வாசலிலிருந்த வாகை மரத்தில் தொங்கவிட்டார்கள். கீழே அமராவதி ஆற்றில் கரைப்பதாகப் பேச்சு. வள்ளியாத்தாள் குறுக்கே நின்றாள். சொன்ன வாக்குப்படி குளிர் வண்டி வந்தால்தான் கலயம் இறங்கும். அண்ணன் சொல்வதை அண்ணன் வீட்டு நாயே நம்பாது. அதனால் மேஸ்திரி ஏசுரத்தினம் கூடவே வந்து, ஏசி ஓடுகிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

கலயம் தொங்கியது. அதன் கீழே அடுப்பு மூட்ட ஆள் வரவில்லை. வெட்ட வேண்டிய கரும்பு வயலில் காய்ந்தது. உச்சிப்பொழுதில், ஒரு இலை அசையாதபோதும், கலயம் மட்டும் மெல்ல ஆடியதாம். கழுதைகூட அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போயிற்று.

ஆக, செத்த மனிதர் மலை இறங்குவது ஏசுரத்தினத்தின் ஸ்பானரில் வந்து நின்றது.

அவர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். விசிறி சுழன்றது, காற்று காய்ச்சல்காரன் மூச்சைப் போல வந்தது. ரேடியேட்டருக்கு முன்னாலிருந்த கண்டென்சரில் பஞ்சும் பதரும் அடைத்திருந்ததை ஊதி எடுத்தார். அந்தப் பஞ்சில் தலையணையோடு ஒரு மெத்தை தைக்கலாம் என்றார் காளிச்சாமி. ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பைப் மூட்டுகளில் சோப்பு நுரை தடவியபோது, கம்ப்ரசரின் தண்டுப் பக்கத்தில் நுரை குமிழ் விட்டது. சீல் போய், கேஸ் முழுக்க வெளியேறியிருந்தது. அந்த சீல் எங்கேயும் கிடைக்கவில்லை. பம்ப்செட் வாஷரிலிருந்து தோலை வெட்டிப் போட்டு, கோயமுத்தூரிலிருந்து கேஸ் கொண்டுவந்து ஏற்றினார். அரை நாள் குளிர்ந்தது. பிறகு கம்ப்ரசர் இறுகி, அதைச் சுற்றுகிற பெல்ட் புகைந்தது. ஏசிக்கென்று தனியாக இருந்த அந்த பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இது செத்துப்போச்சு மொதலாளி. பெல்ட் இல்லாம குளிர் வந்தா அது ஏசி இல்ல, பேயி."

காளிச்சாமி அசரவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பார் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி, விசிறிக்குப் பின்னால் வைத்துவிட்டால் தங்கைக்கு என்ன தெரியப்போகிறது? தான் பொய் சொல்லமாட்டேன் என்றார் ஏசுரத்தினம்.

"நீங்க ஒண்ணுமே பேச வேண்டாமுங்க மேஸ்திரி. சும்மா நடுங்குனாப் போதும்."

நடுங்க ஐஸ் மிஞ்சவில்லை. உடுமலையைத் தாண்டும்போதே காலடியில் குளம் கட்டிற்று. சின்னாறு செக்போஸ்ட்டில் சாக்கைப் பிழிந்து காட்டுக்குள் எறிந்தார்கள். மறையூர் போய் நின்றபோது கார் ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி இருந்தது.

வள்ளியாத்தாள் அண்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஏனுங்க மேஸ்திரி, ஓடுதுங்களா?"

ஏசுரத்தினத்தின் தோளில் பெல்ட் தொங்கியது. "ஓடல தாயி."

அவள் வாகை மரத்தடிக்குப் போய்க் கலயத்தை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப அவரே பாத்துக்குவாரு. எறக்குங்க" என்றாள்.

கலயத்துக்குத் துண்டு சுற்றிப் பின்சீட்டில் இடது ஓரமாக வைத்தார்கள். வலது ஓரத்தில் வள்ளியாத்தாள் உட்கார்ந்தாள். கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாள். ஏசி வண்டியில் அப்படித்தானே போவார்கள்? காளிச்சாமி வண்டியை எடுத்தார். ஏசுரத்தினம் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையைத் தாண்டி முதல் வளைவு திரும்பும்போது அவர் முழங்காலில் எதுவோ தொட்டது. குனிந்தார். ஒன்றுமில்லை. காற்று. கிணற்றடிக் காற்றைப் போல ஒன்று. பாகு இறக்குகிற நேரத்து வெல்ல வாசனை அதில் இருந்தது.

அவர் நம்பவில்லை. விசிறியை அணைத்தார். குளிர் நிற்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினார். வெளியே உலை எரிந்தது. ஏற்றினார், உள்ளே மார்கழி. ஏசிப் பெட்டியின் பைப்பைத் தொட்டார். அது கையைச் சுட்டது. மடியைத் தடவினார். பெல்ட் இருந்தது. வியர்வை காய்ந்து, கை மயிர் குத்திட்டு நின்றது. கண்ணாடிகளில் உட்பக்கம் பனி படர்ந்தது.

கடைசியாகச் சோதிக்க ஒரே இடம்தான் பாக்கி. திரும்பிப் பார்த்தார்.

கலயத்தின் பக்கத்துக் கண்ணாடியில், ஆள் முகம் வருகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பனி துடைக்கப்பட்டிருந்தது. அதற்குள் மலை நகர்ந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் மறுபடி பனி மூடியது. மறுபடி துடைபட்டது. வள்ளியாத்தாளின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

"மெதுவாப் போங்கண்ணா" என்றாள் அவள். "அவரு வேடிக்க பாக்கறாரு."

காளிச்சாமி பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அமராவதி அணை கண்ணில் பட்ட இடத்தில் மலை முடிந்தது. அங்கேயே குளிரும் முடிந்தது. அடுப்பு வாய் திறந்த மாதிரி வெக்கை உள்ளே விழுந்தது. ஆற்றங்கரையில் இறங்கியதும் வள்ளியாத்தாள் கேட்டாள்: "குளுந்துச்சுங்களா மேஸ்திரி?"

அவர் பெல்ட்டைப் பார்த்தார். சூடு தலைக்கேறினால் அப்படித் தோன்றும் என்று எதையோ முணுமுணுத்தார். அவள் கலயத்தோடு ஆற்றுக்குள் இறங்கினாள். கலயத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு, நெடுநேரம் முழங்கால் ஆழத்தில் நின்றாள். அண்ணன் சொன்னால் ஊர் நம்பாது. தான் சொன்னால் துக்கத்தில் பிதற்றுகிறாள் என்பார்கள். மேஸ்திரியின் ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பெல்ட்டை ஏசுரத்தினம் தன் ஷெட்டில் ஆணியில் மாட்டிவைத்தார். அதை வேறு எந்த வண்டிக்கும் போடவில்லை. கோடை உச்சிப்பொழுதுகளில் அதன் கீழே சுவர் ஈரமாகக் கசிந்தது. கூரையில் ஏறி ஓடு ஓடாகப் புரட்டிப் பார்த்தார். ஒழுக்கு இல்லை, ஒழுக மழையும் இல்லை. சுவரை நக்கிப் பார்த்தார் என்று ஊரில் ஒரு பேச்சு. இனித்ததா என்று கேட்டவர்களை ஸ்பானரோடு துரத்தினார் என்றும் பேச்சு.

மீசைக் கதைக்குச் சிரித்து ஓய்ந்த டீக்கடையில், கடைக்காரர் செங்கோட்டையன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "பொள்ளாச்சி ஐஸ வெச்சுத் தங்கச்சிய ஏமாத்துனதுமில்லாம, மீசக் கதை வேறயாக்கும்."

எதிரே வள்ளியாத்தாள் பையை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பஸ் இன்னும் வரவில்லை.

ஏசுரத்தினம் டீயை வைத்துவிட்டு எழுந்தார். கடையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அவள் முன்னால் போய் நின்றார். கடை மொத்தமும் காது கொடுத்தது.

"ஐஸு செக்போஸ்ட்டுலயே தண்ணியாப் போச்சு தாயி. பெல்ட்டு என் மடியில கெடந்துச்சு. ஒங்க அண்ணன் மீசை பொய்யி." அவர் குரலைக் கடைவரைக்கும் உயர்த்தினார். "குளிரு நெசம். அவரு வேடிக்க பாத்துக்கிட்டுதான் வந்தாரு. நான் பாத்தேன்."