முப்பது பேரும் ஏறியாச்சு

கண்டக்டர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. அந்தச் சேதியை அவருடைய கால்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மகளைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து, சுற்றுலா பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும், மனுஷர் அதில் உட்கார்ந்தால்தானே? வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மடக்கு இருக்கையில் தொற்றிக்கொண்டு, டிரைவருக்குத் துணையாக வந்தார். இவருக்கு அந்த மொழி தெரியாது, அவருக்கு இந்த மொழி தெரியாது. ஆனால் கண்ணாடி பார்ப்பதும் கதவு சாத்துவதும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. ஒரு மணி நேரத்தில் இருவரும் சம்பந்திகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அவர் மனைவி நாலாவது வரிசையில் இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவருடைய ஸ்வெட்டர் உட்கார்ந்திருந்தது.

அன்று காலை மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். "அப்பா நாளைக்கு ஊருக்குப் போகட்டும். நீ ஆறு மாசம் என்கூட இரும்மா. டிக்கெட்டை மாத்தணும், சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றார்.

முப்பத்தொரு வருஷமாக இதே பதில்தான். புடவை நிறம் கேட்டாலும் உன் இஷ்டம், மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்றாலும் உன் இஷ்டம். கேட்கிறவர்கள், ஆஹா, தங்கமான மனுஷன் என்பார்கள். வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேசுகிறவருடைய பேச்சு அது என்று அவளுக்கல்லவா தெரியும். வா என்று சொல்லட்டும், இல்லை, இரு என்றாவது சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அன்று முழுக்கக் காத்திருந்தாள்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. கற்பாலம் வந்தது, இடிந்த கோட்டை வந்தது, மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூ வந்தது. எல்லாம் ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல் அவளைக் கடந்து போயின. ஒவ்வொரு இடத்திலும் வழிகாட்டிப் பெண் ஆட்களை எண்ணினாள். மூன்றாவது இடத்தில் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரே பார்வையில் எண்ணி, விரலால் முப்பது என்று காட்டி, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அதோடு எண்ணும் வேலை இவர் கைக்கு வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு ஏரிக்கரையில் ஒரு சின்ன உணவகத்தில். கண்டக்டர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல எட்டு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்தார். "மெதுவா வா" என்று சொல்லிவிட்டு டயர் பார்க்கப் போனார். எதிரே காலி நாற்காலி இருந்தால் அவளுக்கு எப்போதுமே சோறு இறங்காது. பாதித் தட்டை வைத்துவிட்டு, கை கழுவி, பின்பக்கம் தோட்டத்துக்குப் போனாள். ஏரியில் பனி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு படகு தண்ணீரில் போகிறதா பனியில் போகிறதா என்று தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, முன்பக்கம் வந்தபோது பஸ் இல்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே போனும் அவர் சட்டைப் பையில். உணவகக்காரம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். அந்த அம்மாளுக்குள்ளும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும். ஜன்னலோர மேஜையில் உட்காரவைத்தாள். சற்று நேரத்தில் உள்ளே போன் அடித்தது. பேசிவிட்டு வந்து, கையாலேயே ஸ்டியரிங் திருப்பிக் காட்டி, வருகிறார்கள், நீ சாப்பிடு என்று புரியவைத்தாள்.

முதலில் சூப் வந்தது. ஆவி கண்ணாடியில் படிந்து ஏரியை மறைத்தது. அவள் துடைக்கவில்லை. சூடான ரொட்டியைப் பிய்த்து, தோய்த்து, மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை. போதுமா என்று கேட்க வேண்டியதில்லை. எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது சாப்பாடு இறங்கியது. பிறகு வெண்ணெயில் வதக்கிய மீன். பிறகு தேனில் வெந்த பேரிக்காய், கரண்டி பட்டதும் விட்டுக்கொடுத்தது. அடடா, பேரிக்காய்க்கு இப்படி ஒரு ருசியா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். உணவகக்காரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, இன்னொன்று கொண்டுவந்து வைத்தாள். தான் சந்தோஷமாக இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பால்வண்டி வந்து நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கி உள்ளே வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"முப்பது சரியாத்தான் இருந்துச்சு" என்றார், நின்றபடியே. "அந்த வழிகாட்டிப் பொண்ணு இந்தத் தடவை சீட்ல உக்காந்திருந்துச்சு, அதையும் சேத்து எண்ணிட்டேன். டிரைவர் கண்டக்டர் தவிர எல்லாரும் டிக்கெட்தானேன்னு பழக்கத்துல…"

"உங்களை எண்ணினீங்களா?"

"இன்னைக்கு நானும் பிரயாணிதானே, எண்ணினேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். "மலை ஏறும்போது ஒரு அருவி வந்துச்சு. உனக்குக் காட்டலாம்னு திரும்புறேன், ஸ்வெட்டர்தான் இருக்கு. மத்தவங்களுக்கு நேரமாச்சு, பஸ் திரும்பாதுன்னுட்டாங்க. இறங்கி ஓடி வந்தேன், வழியில இந்தப் பால்காரர் ஏத்திக்கிட்டார்." மூச்சு வாங்கினார். "நாளைக்கு நீயும் வந்துடு. நீ இல்லாம என்னால முடியாது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. நெஞ்சு நிறைந்து கண்ணில் தளும்பியது, அதில் பொய் இல்லை. காலையில் மகள் வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பெட்டி கட்டியிருப்பாள்.

"நான் இருந்துட்டு வரேங்க" என்றாள். "ஆறு மாசம்."

"விட்டுட்டுப் போனதுக்குக் கோவமா?"

"சத்தியமா இல்லை. நீங்க கூப்பிட்டீங்க பாருங்க, அது போதும் எனக்கு. எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியலை. இருந்தாலும் இருந்துட்டு வரேன்."

அவர் ஏரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஆறு மாசம் நான் தனியா என்ன பண்ணுவேன்?"

அவர் கேட்பதற்கு முன்பே பதில் எடுத்து வைத்துப் பழகியவள் அவள். சட்டை எங்கே, மாத்திரை எங்கே, அடுத்து என்ன, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். இன்றும் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலைங்க" என்றாள்.

சொன்ன பிறகு பயமாக இல்லை. இரண்டாவது பேரிக்காயை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தன்னுடையதை மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.