ஞாயிற்றுக்கிழமை எம்.சி.

மருமகள் விடுப்புக் கேட்ட அன்று எங்கள் கிள்ளான் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான் பழனியப்பன்; என் மனைவி தங்கமணி; மகன் விமலன்; மருமகள் விஷ்ணுப்ரியா; சுங்கை வேயிலிருந்து வந்திருந்த என் தங்கை குமுதா. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சிலர் பேசுகிறார்கள். அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த என் அப்பா, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தபோது தொடங்கி வைத்த வழக்கம் அது. சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. ஆட்டுக்கறியிலிருந்து பாயசம் வரை ஒரு குறையும் இருக்காது. வெளியே வாங்கி வந்து பரிமாறியது கிடையாது. பழனியப்பன் வீட்டு இலை என்றால் உறவில் ஒரு மதிப்பு. தங்கமணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு அந்தச் சமையல் விஷ்ணுப்ரியாவிடம் வந்தது. அவள் சுபாங் ஜெயாவில் ஒரு காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்களின் புகார்களை நாள் முழுக்கத் தொலைபேசியில் கேட்கும் வேலை.

அன்று வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு குமுதா பேச்செடுத்தாள். அடுத்த ஞாயிறு அவளுடைய சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம்.

"கறி கொஞ்சம் கூடப் போட்டுக்க ப்ரியா. அவங்க நல்லா சாப்பிடுறவங்க."

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த விஷ்ணுப்ரியா துணியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு நான் எம்.சி., சின்னத்தை."

எம்.சி. என்பது உடம்பு சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் விடுப்புச் சீட்டு. அதை வேலையிடத்தில் கொடுப்பார்கள். வீட்டில் ஒருவர் எம்.சி. கேட்டு நான் பார்த்ததில்லை.

குமுதா சிரித்தாள். "அண்ணே, கேட்டீங்களா? அடுப்புக்கு எம்.சி.யாம்! நம்ம அம்மா எந்தக் கிளினிக்ல போய் எடுத்தாங்க?"

"என்னம்மா நோவு? டாக்டர் சீட்டு எங்க?" என்று கேட்டேன்.

"சீட்டு இல்ல மாமா. சீட்டு வாங்குற நெலமைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்றேன்." குரல் உயரவில்லை. "வாரம் பூரா போன்ல திட்டு வாங்குறேன். சனிக்கிழமை பாசார்ல காய்கறி வாங்குறது, வீடு கழுவுறது. ஞாயித்துக்கிழமை இது. ராத்திரி தூக்கம் வரல. வேலை முடிஞ்சு வந்து கார்லயே உக்காந்திருக்கேன்ல, பாத்திருப்பீங்க."

பார்த்திருக்கிறேன். அம்மாவோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"போன் பேசல மாமா. உள்ள வர முடியல, அதான்."

விமலனைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"நீங்க சொல்ற வரைக்கும் காத்திருந்தா எனக்குப் பென்ஷனே வந்திரும்," என்றாள் விஷ்ணுப்ரியா.

"இது ஸ்ட்ரெஸ் லா," என்றாள் குமுதா. "எல்லாருக்கும் இருக்கு. கோயில்ல ஒரு விளக்குப் போடு, சரியாயிடும்."

"போட்டேன் சின்னத்தை. போட்டுட்டு வந்துதான் இத்தனை பேருக்கும் சமைச்சேன்."

"வாசலுக்கு வந்தவங்களப் பசியோட அனுப்பினா என்ன பேசுவாங்க தெரியுமா?" என்றேன்.

அதற்குப் பதில் சொன்னது தங்கமணி. ஸ்டூல் மேல் நீட்டியிருந்த காலை எடுக்காமலே பேசினாள்.

"பேசட்டுங்க. எனக்குச் சேர வேண்டிய எம்.சி.யெல்லாம் இப்ப எடுத்தேன்னா, சாவுற வரைக்கும் நான் அடுப்பாங்கரை பக்கமே வர வேணாம். எனக்குக் கேக்கத் தெரியல. அவ கேக்குறா. குடுங்க."

என் தங்கை எதிரில் தங்கமணி என்னை மறுத்துப் பேசியதே இல்லை. நான் யோசித்தேன். எங்கள் வீட்டு மருமகள் வீட்டுக்குள் வர முடியாமல் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்திருப்பார்கள். விருந்தாளி பசியோடு திரும்புவதைவிட வீட்டுக்கு இதுதான் பெரிய இழுக்கு.

"உனக்கு என்ன வேணும்னு சரியாச் சொல்லு."

"மாசத்துல ஒரு ஞாயிறு சமைக்கிறேன் மாமா, முழு மனசோட. மத்த ஞாயிறு எனக்கு வேணும்."

"சரி," என்றேன்.

அன்று மாலையே உறவினர்கள் எல்லோருக்கும் நானே போன் செய்தேன். இனி மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் இலை விழும், இது என் முடிவு, இதைப் பற்றி மருமகளிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னேன். குமுதாவின் சம்பந்தி வீட்டார் கடையில் சாப்பிட்டார்கள். குமுதாவுக்குக் கொஞ்ச நாள் கோபம், பிறகு சரியாகிவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் தங்கராஜ் என்ற தூரத்து உறவினர் என் காதருகே குனிந்தார். "என்ன மாமா, மருமகளத் தஞ்சோங் ரம்புத்தான்ல சேத்துட்டீங்களாமே?"

தஞ்சோங் ரம்புத்தான் பேராக் மாநிலத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். விசாரித்தேன். விமலன் சாலையோரம் நின்று போனில் பேசியதை, லோரி சத்தத்தில் யாரோ அப்படிக் கேட்டுவிட்டுப் பரப்பியிருக்கிறார்கள்.

அந்த மருத்துவமனைக்கு அவள் போயிருந்தால் அதையும் நானே சொல்லியிருப்பேன். வைத்தியம் பார்த்துக்கொள்வதில் எங்கள் குடும்பத்துக்கு வெட்கம் இல்லை. ஆனால் மற்ற ஞாயிறுகளில் விஷ்ணுப்ரியா போவது ஜெஞ்சாரோமுக்கு; விமலன் போனில் சொன்ன ஊரும் அதுதான். அவளுடைய அம்மா வீடு அங்கேதான் இருக்கிறது. அங்கே மதியம் வரை தூங்குகிறாள், சாயங்காலம் திரும்பி வருகிறாள்.