கடைசியாகக் கை வைத்தது யார்

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால், போய் இறங்கியதும் வாட்ச்மேனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா இதுல யாரு கை வச்சாங்க?" என்பதுதான். யாரும் வைக்கவில்லை என்று சத்தியம் செய்வார்கள். பத்து நிமிஷம் கழித்து, பெயின்ட் அடிக்க வந்தவன் கதவு சுவிட்சைக் கழற்றி மாட்டினான் என்று தெரியவரும். இந்தக் கேள்வியின் பெருமையை நான் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. என் மனைவிக்கும் தங்கைக்கும் காது புளித்துப்போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குத் தங்கை வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பி பட்டனை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினாள். வண்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் காபி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

பத்து மணிக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். இது மூன்றாவது தடவை. முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாள். இரண்டாவது தடவை சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியரைப் போட்டாள், வண்டி அங்கேயே அணைந்தது, ஆபீசர் ஒரு கோடு கிழித்துவிட்டார். மூன்றிலும் தவறினால் அப்புறம் ஆறு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. ஆனால் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொன்ன லேப்காரர்கள், திங்கட்கிழமை லைசென்ஸோடு வரச்சொல்லியிருந்தார்கள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு பதினான்கு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நானோ என் மனைவியோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவளாகவே பாத்திரத்தைத் தேய்ப்பாள், துணியை மடிப்பாள், இரண்டாவது தடவை சோறு போட்டால் வேண்டாம் என்பாள். சின்ன வயதில் என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்றவள் அவள். அவள் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். அந்த வேலை கிடைத்தால் அவள் பழையபடி பிடுங்கித் தின்பாள் என்பது என் நம்பிக்கை.

அதனால் அவளைவிட எனக்குத்தான் அன்றைக்குப் படபடப்பு. எனக்குப் படபடப்பு வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். முதலில் பேட்டரிக் கடைக்காரனைத் திட்டினேன். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரன் தெருவையே எழுப்பியது, ஆகவே அவனை விட்டுவிட்டேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், முழுசாக இருந்தது. அடுத்து இந்த வண்டியை அவளுக்கு விற்றவனைத் திட்டிக்கொண்டே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே சுற்றவில்லை, பிளக்கைக் கழற்றி என்ன பண்ணப்போகிறாய் என்று தங்கை மெதுவாகக் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் இல்லாததால், வாயை மூடிக்கொண்டு டார்ச்சைப் பிடி என்றேன்.

என் மனைவி வாசலில் நின்று, வேறு யாராவது வண்டியைக் கேட்டு வாங்கலாமே என்றாள். படிவத்தில் எழுதிக் கொடுத்த நம்பர் வண்டியில்தான் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டதற்காக அவள்மேலும் எரிந்து விழுந்தேன். அவள் ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான், அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். கிக்கர் இல்லாத வண்டி. அதனால் தங்கையை உட்காரவைத்து, கியரைப் போட்டு கிளட்சைப் பிடிக்கச் சொல்லி, பின்னாலிருந்து தள்ளினேன். இருபதடி போனதும் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி எட்டே முக்கால். அணைக்காதே, இப்படியே போய்விடலாம் என்று கத்தினேன். அவள் திரும்பி வந்து நின்று, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன்.

"மேட்டுல நின்னுபோச்சுன்னா யாருண்ணா தள்ளுவா?" என்றாள்.

டெஸ்ட் மைதானத்தில் ஒரு மேடு இருக்கிறது. பாதி மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். பழகும்போது மூன்று தடவைக்கு இரண்டு தடவை அவளுக்கு அங்கே வண்டி அணைந்துபோகும். அணைந்தால் தவறில்லை, உடனே ஸ்டார்ட் பண்ணி ஏறிவிடலாம். ஆனால் வேறொருவர் கை வண்டிமேல் பட்டால் அதோடு முடிந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் கேட்கமாட்டேன் என்கிறது. லிஃப்டில் இதைத்தானே தினமும் பார்க்கிறேன். ஏதோ ஒரு கதவு மூடவில்லை என்று சுவிட்ச் சொன்னால், மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் லிஃப்ட் நகராது. இந்த வண்டியிலும் மூன்று சுவிட்சுகள் உண்டு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்சைப் பிடித்திருக்கிறாயா, ஸ்டாண்டை எடுத்துவிட்டாயா என்று மூன்றும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று நியூட்ரல் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் கிளட்சும் ஸ்டாண்டும் சரி என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பட்டன் வேலை செய்யும். சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்தேன். வண்டி நியூட்ரலில் இருந்தும் பச்சை விளக்கு எரியவில்லை. அரை மணி நேரமாக என் முகத்துக்கு நேரே அது எரியாமல் இருந்திருக்கிறது.

காரணத்தைத் தேட நேரமில்லை என்று தோன்றியது. உள்ளே ஓடி என் பையிலிருந்து இணைப்பு ஒயரை எடுத்து வந்தேன். இரண்டு முனையிலும் கிளிப், நடுவில் சிவப்பு நாடா. இதைப் போட்டு மூன்று சுவிட்சையும் தாண்டிவிட்டால், எது என்ன சொன்னாலும் வண்டி கிளம்பும்.

தங்கை அந்தச் சிவப்பு நாடாவைப் பார்த்தாள். எங்கள் தொழிலில் இதைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். கூட வேலை செய்த ஒருவன் மறந்து, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பி, அவன் ஷூவின் அடிப்பாகம் மட்டும் மூன்றாவது மாடிக்குப் போன கதையையும் நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"அன்னைக்கு ஸ்டாண்டோட கிளம்பினேன். வண்டியே நின்னுடுச்சு. நிக்கலேன்னா வளைவுல விழுந்திருப்பேன். அது இருக்கட்டும்ணா, அதைத் தாண்டாதே."

பிறகு எப்படி ஸ்டார்ட் பண்ணுவதாம் என்று எகிறினேன். அவள் டார்ச்சை அணைத்தாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியா இதுல யாரு கை வச்சாங்க?"

யாரும் வைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேன்கள் என்னிடம் சொன்ன அதே பதில். அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அவள் படித்துக்கொண்டிருந்தபோது, நான் அவளுக்குத் தெரியாமல் வண்டியை முழுக்கத் துடைத்தேன். ஆபீசர் பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று. இடது பக்க மூடியைக் கழற்றி, செயின் பல்சக்கரத்தில் இருந்த அழுக்கை எல்லாம் சுரண்டி எடுத்தேன். கிளட்ச் கைப்பிடி கொஞ்சம் கடினமாக இருந்ததால், லிஃப்ட் மோட்டார் பேரிங்குக்கு வைக்கும் கெட்டி கிரீஸை விரலால் வழித்து அதற்குள் அப்பினேன். சும்மா இல்லை, பாசத்தோடு அப்பினேன்.

"நான்தான்" என்றேன்.

அவள் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அசடு வழியக் கீழே உட்கார்ந்து இடது பக்க மூடியைக் கழற்றினேன். நியூட்ரல் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயர் கழன்று, அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுரண்டும்போது நானே இழுத்திருக்கிறேன். அதைச் சொருகியதும் மேலே பச்சை விளக்கு எரிந்தது. பட்டனை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. மணி ஒன்பது ஐந்து. மைதானத்துக்கு இருபது நிமிஷம், ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

போதும், ஏறு என்றேன். அவள் அணைத்தாள், ஸ்டாண்டை எடுத்தாள், கியரைப் போட்டாள், கிளட்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை. ஒரு சுவிட்ச் இன்னும் பொய் சொல்கிறது. அணைந்தால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணிக்கொள் என்று சொன்னேன். மேட்டில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்க, நடுங்கும் காலால் நியூட்ரலைத் தேடச் சொல்கிறாயா என்று கேட்டாள். வண்டியை ஓட்டப்போவது அவள். நான் கிளட்ச் பக்கம் குனிந்தேன்.

கிளட்ச் கைப்பிடியின் அடியில், கடலைப் பருப்பு அளவில் ஒரு சின்ன சுவிட்ச். அதில் ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டு, கைப்பிடியோடு சேர்ந்து உள்ளே போய் வெளியே வர வேண்டும். என் கிரீஸில் மூழ்கி அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. என் தடித்த விரலால் அதைத் தொடவே முடியவில்லை. தங்கை உள்ளே போய், அவள் ரத்தம் எடுக்கப் பழகும் பெட்டியை எடுத்து வந்தாள். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு. ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, முனையை மெல்ல அசைத்து, மறுபடி துடைத்தாள். நான்தான் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன், அவள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஐந்தாவது பஞ்சில் கைப்பிடியை அழுத்தினாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கியரில் வைத்து பட்டனை அழுத்தினாள். வண்டி உறுமியது.

வாசலில் நின்ற என் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அண்ணி, வரேன் என்று சொல்லிவிட்டுத் தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள். நான் எப்படி ஓட்டினேன் என்பதை எந்த ஆபீசரும் பார்க்காதது நல்லது. ஒன்பது இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். எட்டைப் போட்டாள், கால் ஊன்றவில்லை. மேட்டில் ஏறி, பாதியில் நிறுத்தினாள். கிளம்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. நான் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் கீழே பார்க்கவில்லை, காலால் எதையும் தேடவில்லை. கிளட்சைப் பிடித்தாள், பட்டனை அழுத்தினாள். அந்த டிக் சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது, ஆனால் எனக்குக் கேட்டது. வண்டி ஏறிப் போய் மறுபக்கம் இறங்கியது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பக்கத்தில் நின்றவரிடம் அவர் யாரென்றே தெரியாமல் என் தங்கை, என் தங்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். படிவத்தோடு வந்து, வேலியோரம் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிளட்ச் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து, விரலைத் திருப்பி முகத்துக்கு நேரே காட்டினார். கறுப்பாகப் பளபளத்தது.

"யாரும்மா இதுல இவ்வளவு கிரீஸைக் கொட்டினது?"

வேலிக்கு வெளியே நான் கூனிக்குறுகி நின்றேன். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

"கடைசியா கை வச்சது நான்தான் மேடம்" என்றாள்.

அந்த அம்மா விரலைப் படிவத்தின் ஓரத்திலேயே துடைத்துவிட்டு, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வெயில் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது சாவியை அவள் தரவில்லை. பின்னால் ஏறு என்றாள். ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் குனிந்து சைடு ஸ்டாண்டைப் பார்த்தேன்.

"எடுத்துட்டேண்ணா" என்றாள். "வீட்டுல ஏதாவது இருக்கா? பயங்கரமா பசிக்குது."