சொத்துள்ள இருவர்

மாரிசெல்வத்துக்கு ஜாமீன் கிடைத்த செய்தி புதன்கிழமை மத்தியானம் பரளச்சிக்கு வந்தது. அவனுடைய அப்பா உக்கிரபாண்டி உடனே வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, மச்சினர் சங்கையாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பெண்டாட்டியின் வலது மணிக்கட்டை முறித்துவிட்டு சப் ஜெயிலில் இருப்பவனுக்கு மாலை வாங்கலாமா, வேண்டாமா என்று அருப்புக்கோட்டை வரும்வரை இருவரும் யோசித்தார்கள். கடைசியில் சின்னதாக ஒன்று வாங்கினார்கள்.

கோர்ட் வாசலில் நின்ற வக்கீல் குமாஸ்தா ராஜகுரு மாலையைப் பார்த்துவிட்டு, அதைக் காரிலேயே வைக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, உத்தரவுதான் ஆயிருக்கு. ஆளு வரலை."

"உத்தரவு ஆனா விட வேண்டியதுதான?"

"ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு விடுற கேசு இல்ல இது. பொண்டாட்டியக் கொடுமப்படுத்துன கேசு. பத்து வருசமா இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. மாஜிஸ்திரேட்டுதான் விட முடியும், அவுகளும் விட்டுட்டாக. ஆனா சொத்துள்ள ரெண்டு பேரு வந்து, 'இவரு கூப்பிட்ட தேதிக்கு வருவாரு, வரலைன்னா எங்களப் புடிங்க'ன்னு கையெழுத்துப் போடணும். அவுகவுக பேர்ல பட்டா இருக்கணும். வில்லங்கம் இருக்கக் கூடாது. கிராம அலுவலர் சர்ட்டிபிகேட்டும் வேணும்."

சங்கையா சிரித்தார். "சொத்துக்கா எங்க கிட்டப் பஞ்சம்?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. ஏக்கரைக் குறுக்கம் என்று சொல்லும் சீமை அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எம்.ரெட்டியபட்டிக்கு ஜெகதீஸ்வரியைப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை வீட்டுக்கு நாற்பது குறுக்கம், தாய்மாமனான தனக்கு ஐம்பது என்று காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்தவர் அவர்தான். பெண்ணின் அப்பா அதில் மயங்கித்தான், தன் பங்குக்கு மூன்று குறுக்கம் கரிசலை மகள் பேரில் எழுதிவைத்துக் கல்யாணத்தை முடித்தார்.

வியாழக்கிழமை கிராம அலுவலர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். உக்கிரபாண்டியின் நாற்பதில் இருபத்திரண்டு, ஐம்பத்தெட்டில் செத்துப்போன அவருடைய தாத்தா பேரிலேயே இருந்தது. அதற்குப் பதினொரு வாரிசுகள். பன்னிரண்டு, சொசைட்டியில் ஈடு. மீதி ஆறும் கண்மாய்ப் புறம்போக்கு. தண்ணீர் வற்றினால் அவர் உழுவார், நிறைந்தால் கொக்கு மேயும்.

"அப்ப என் பேர்ல?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

"உங்க பேர்ல மரியாத இருக்குங்க," என்றார் கிராம அலுவலர்.

நரிக்குடியில் சங்கையாவின் ஐம்பதும் தேறவில்லை. அண்ணன் தம்பிகளோடு ஒன்பது வருஷமாகப் பாகப்பிரிவினை வழக்கு, அதே அருப்புக்கோட்டையில். வழக்கில் சேராமல் தப்பியது ஒன்றரைக் குறுக்கம். அதிலும் அரை பாறை.

"இது போதும், ஒரு ஆளு ஆச்சு," என்றார் ராஜகுரு. சங்கையாவின் முகம் தொங்கிப்போனது. ஜாமீன் நிற்கப் பயந்து அல்ல, தாசில்தார் முத்திரையோடு ஒன்றரை என்று எழுதிவிட்டார்களே என்று.

இன்னொரு ஆள் வேண்டும். உறவில் ஒவ்வொரு வீடாக ஏறினார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருவர் திருச்செந்தூர் போய்விட்டார் என்று அவரே கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். மாரிசெல்வம் உள்ளேயிருந்து பல்பொடியும் சீப்பும் கேட்டு அனுப்பியிருந்தான்.

வெள்ளிக்கிழமை, உக்கிரபாண்டி வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த காகிதக் கட்டை ராஜகுரு புரட்டும்போது சுத்தமான பட்டா ஒன்று கையில் வந்தது. "மூணு குறுக்கம் கரிசல். ஒரு வில்லங்கமும் இல்ல. யாரு இந்த ஜெகதீஸ்வரி?"

"மருமக," என்றார் உக்கிரபாண்டி. மாரிசெல்வம் அந்த நிலத்தை விற்று வேன் வாங்குவதற்காக டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த பட்டா அது. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவன் கையை முறுக்கினான். கையெழுத்துப் போட வேண்டிய அதே வலது கையை.

"புகார் குடுத்தவுகளே ஜாமீன் நிக்க முடியாதே," என்றார் ராஜகுரு.

சங்கையாவுக்கு யோசனை பிறந்தது. "மாமனார் பேருக்கு எழுதிக் குடுக்கட்டும். காரியம் முடிஞ்சதும் திருப்பிக்கலாம்."

"கை கட்டுல இருக்கே," என்றார் உக்கிரபாண்டி.

"அதப்பத்திக் கவலப்படாதீக," என்றார் ராஜகுரு உற்சாகமாக. "இடது பெருவிரல் போதும்."

அன்று சாயங்காலம் உக்கிரபாண்டி மருமகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அதுவே முதல் தடவை. ஜெகதீஸ்வரி எம்.ரெட்டியபட்டிக்குப் போகவில்லை. அண்ணன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. இந்த வீட்டில் தப்புச் செய்தவள் தானில்லையே என்று இங்கேயே இருந்தாள்.

"ஏத்தா, ஒரு ரேகை. ரெண்டே நாளு. உன் புருசன் கொசுக்கடியில கெடக்கான்."

"மாமா, இந்தக் கையெழுத்துக்காகத்தான அவுக உள்ள போனாக?"

"ஆமா."

"இப்ப அவுகள வெளிய எடுக்கவும் அதே கையெழுத்தா?"

சங்கையா தொண்டையைக் கனைத்தார். "இல்லம்மா. அது விக்கிறதுக்கு. இது குடும்பத்துக்கு."

ஜெகதீஸ்வரி எழுந்து அடுப்படிக்குள் போனாள். அழுகை வரும்போல இருந்தது. கல்யாணமான புதிதில் டவுனிலிருந்து மல்லிகையை வாழையிலையில் சுற்றி, கசங்காமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான் மாரிசெல்வம். அந்தப் பூவுக்காக இப்போது பெருவிரலை நீட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். நீட்டினால் அப்பா கொடுத்த கரிசல் திரும்பாது. அவன் திரும்பி வருவான், அடுத்த தடவை முறுக்க இன்னொரு கையும் இருக்கிறது.

மாமியார் முத்துத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் பேசினாள்.

"எனக்கும் எங்கப்பா ரெண்டு குறுக்கம் குடுத்தாரு. எழுபத்தொண்ணுல மோட்டாரு வாங்கணும்னு உங்க மாமா கேட்டாக. ரெண்டே நாளுதான்னாக."

"அப்புறம்?"

"மோட்டாரு வந்துச்சு. கெணத்துல தண்ணி வரல." ஒரு வெங்காயத்தை ஓரமாக வைத்தாள். "போடாத. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஜெகதீஸ்வரி வெளியே வந்து முடியாது என்றாள். பிறகு, "மொக்கையண்ணன் வீட்டுக்குப் பட்டா இருக்கே, மாமா," என்றாள்.

மொக்கையன் ஆடு மேய்ப்பவன். அரசாங்கம் கொடுத்த ஓட்டு வீடு, அவன் பேரில் பட்டா, வருஷம் தவறாமல் கட்டிய தீர்வை ரசீதுகள். அன்றைக்கு வீங்கிய கையோடு நின்ற ஜெகதீஸ்வரியை முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். டாக்டர் அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பியதில்தான் கேசே ஆனது. உக்கிரபாண்டி வீட்டில் இதுவரை அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

இப்போது உக்கிரபாண்டி அவன் வாசலில் நின்றார். அவன் உட்காரச் சொன்னான். ஆட்டுக்குட்டியைத் தள்ளிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சிக்குச் சம்மதமா?" என்று கேட்டான் மொக்கையன். அவளிடம் நேரில் வந்தும் கேட்டான்.

"கேசு முடியிற மட்டும் அவுக பரளச்சிக்குள்ள வரக் கூடாது. என் பக்கம் வரக் கூடாது. அந்த நிபந்தனையோட விடுறதுன்னா எனக்கு ஆட்சேபன இல்லண்ணே."

"கோர்ட்டு தேதிக்கு அவரு வரலைன்னா என் வீடுல்ல போகும். நான் பாத்துக்கிறேன். எம்பது ஆட்டப் பாக்குறவனுக்கு ஒரு ஆளு பெருசா?"

திங்கட்கிழமை கோர்ட்டில் ஜெகதீஸ்வரி கடைசிப் பெஞ்சில் இருந்தாள். முதலில் சங்கையாவைக் கூப்பிட்டார்கள்.

"என்ன சொத்து?"

சங்கையா ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"ஒண்ணரைக் குறுக்கம், அய்யா."

பெண் பார்த்த நாளில் அவள் காப்பித் தம்ளரோடு நின்றபடி கேட்ட ஐம்பது, ஆறு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி நின்று ஒன்றரையானது. ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பே எல்லா மாப்பிள்ளை வீட்டாரையும் ஒருதரம் இங்கே ஏற்றிக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மொக்கையன், அவர்கள் கேட்பதற்கு முன்பே ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். போதும் என்று நிறுத்த வேண்டியிருந்தது.

ஜெகதீஸ்வரி கேட்டுக்கொண்டதையும் சேர்த்து நிபந்தனைகளைப் படித்தார்கள். மாரிசெல்வம் நரிக்குடியில் மாமன் வீட்டில் தங்க வேண்டும். தினமும் காலை பத்து மணிக்கு அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மனைவியைப் பார்க்கவோ பேசவோ கூடாது. தன் வீட்டில்தான் தங்குவான் என்பது சங்கையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் ஜாமீன்தான குடுத்தேன்?" என்று ராஜகுருவின் காதில் கேட்டார்.

ஜெயிலுக்கு உத்தரவு போய், மூன்று மணிக்கு மாரிசெல்வம் வெளியே வந்தான். தாடியும் சீப்புமாக கோர்ட் வாசல் வழியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். வேப்பமரத்தடியில் அவளைப் பார்த்ததும் நின்றான்.

"ஜெகா, ஒரே ஒரு கையெழுத்துதான கேட்டேன்," என்றான். மல்லிகை கொண்டுவந்த நாட்களின் குரல் அதில் கொஞ்சம் இருந்தது.

மொக்கையன் இடையில் வந்து நின்றுகொண்டான். "தம்பி, பேசக் கூடாதுன்னு இப்பத்தான் படிச்சாக. நடங்க. நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுக்கு ஒரு கையெழுத்து இருக்கு. நாளான்னைக்கும் இருக்கு. நரிக்குடிச் சந்தைக்கு வாரப்பெல்லாம் வந்து விசாரிப்பேன்."

நரிக்குடி பஸ் கிளம்பும்வரை மொக்கையன் படிக்கட்டருகிலேயே நின்றான்.

ஜெகதீஸ்வரி ராஜகுருவிடம் போனாள். "என் பட்டாவக் குடுங்க."

அவர் கட்டிலிருந்து அதை உருவினார். "பெற்றுக்கொண்டேன்னு ஒரு ரசீது வேணும்மா. கைதான் முடியாதே, இந்தாங்க மை. இடது பெருவிரலை வைங்க."

"பேனா குடுங்க."

"இடது கையில எழுதுவீகளா?"

"எழுதிப் பாக்குறேன்."

ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வரிகள் மேலும் கீழும் ஏறி இறங்கின, 'ஜெ' மட்டும் மூன்று தடவை அடித்து எழுத வேண்டியதாயிற்று. பரளச்சி பஸ் போய்விட்டது. ராஜகுரு கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை, பெயரை முழுசாக எழுதி முடித்த பிறகே பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.