நான்கு துளைகள்

ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். அணைப்பேன். பல் தேய்ப்பேன். கெட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்துவேன். அது கொதிப்பதற்குள் படுக்கையைச் சரிசெய்வேன். என் பக்கம் மட்டும்தான் கலைந்திருக்கும், அதிக நேரம் ஆகாது. டீயை நின்றுகொண்டே குடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். பிறகு ஸ்பாஞ்சையும் பிளாஸ்டிக் மக்கையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்குவேன்.

மழை தொடங்கிய பிறகு சேர்ந்த வேலை அது. கீழே தெருவோரம் நிற்கும் வண்டியின் பின்பக்கக் கண்ணாடியைத் தூக்கி, உள்ளே தவழ்ந்துபோய், முன்மூலையில் தேங்கியிருக்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி மக்கில் பிழிவேன். இரண்டு மக். பெரிய மழை என்றால் மூன்று. சாக்கடையில் கொட்டிவிட்டு மேலே வந்து குளித்து ஆபீஸ் போவேன்.

அது ஒரு பிக்கப் வண்டி. பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் மேல் வெள்ளை ஃபைபர் கூண்டு ஒன்றை மாட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பால் வண்டி போல இருக்கும். உள்ளே இரண்டு குட்டை ஸ்டூல், ஒரு மடக்கு மேஜை, தரையில் ரப்பர் விரிப்பு, சுவரிலும் கூரையிலும் சாம்பல் நிற ஃபோம். என் மனைவி அதில்தான் வேலை பார்த்தாள். தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தி, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பலர் கேட்காமலேயே அழுத்துவார்கள். காது போய்விட்டது என்று தெரிந்தால் வேலையும் போய்விடுமோ என்ற பயம். அவர்களைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை நிமிடம் போதும். சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

வண்டி அவள் வேலை பார்த்த கிளினிக்குடையது. ஃபோம் அவள் ஒட்டியது. ஏழு மாதம் முன்பு அந்தக் கூண்டுக்குள் இருக்கும்போதுதான் இறந்துபோனாள். மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். வயது முப்பது. அதற்குப் பிறகு யாரும் வண்டியைக் கேட்கவில்லை. நானும் கொண்டுபோய் விடவில்லை.

போன வாரம் கிளினிக் மேடம் போன் செய்தார்.

“புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. வியாழக்கிழமை அவளையும் கூட்டிட்டு வந்து வண்டியப் பார்க்கிறேன். உள்ள ஈரம் இல்லையே?”

“கொஞ்சம் இருக்கு மேடம்.”

“ஈரத்துல மெஷினை வைக்க முடியாது, உங்களுக்குத் தெரியாததில்ல. சரியாகலன்னா எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு கூண்டைக் கழட்டிடலாம். வெறும் வண்டியா மருந்துப் பெட்டி ஏத்த வச்சுக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல மேடம்.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அறை இருக்க வேண்டும். வீட்டில் அவள் விட்டுப்போனவை பொருள்கள். செருப்பு, சீப்பு, பாதி தீர்ந்த ஷாம்பு. அந்த அறையில் இன்னொருவர் உட்கார்ந்து அவள் செய்த வேலையைச் செய்யலாம். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் சிலிக்கான் பசை. கூண்டும் தொட்டியும் சேரும் இடமெல்லாம் பிதுக்கிவிட்டேன். மறுநாள் இரண்டு மக். கூண்டு மாட்டுகிற மெக்கானிக்கை அழைத்தேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“சார், இது வண்டிக்குச் சிலிக்கான் போட்ட மாதிரி தெரியல. கேக்குக்கு கிரீம் வச்ச மாதிரி இருக்கு.”

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். கூண்டின் விளிம்பு தொட்டியின் மேல் ஒரு ஃபோம் பட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய பட்டை அப்பளமாக நசுங்கியிருந்தது. புதியது ஒட்டினார். ஒட்டு சேரும் இடம் முன்பக்கம் வரக்கூடாது, ஓடும்போது காற்றும் மழையும் அங்கேதான் மோதும் என்றார். ஆறு கிளாம்ப்பையும் ஒரேயடியாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் வாயைத் திறக்குமாம். பின்னால் உயரத்தில் இருக்கும் பிரேக் விளக்கைக் கழற்றி வாஷர் மாற்றினார். இனி ஒரு சொட்டு வந்தால் என்னைக் கேளுங்கள் என்றார்.

வந்தது. கேட்டேன்.

“அப்ப முன்பக்கம் தொட்டியோட மூட்டுலதான் சார் இருக்கும். ஃபோமைப் பிச்சுட்டுத்தான் பார்க்கணும்.”

“பிய்க்காம முடியாதா?”

“தண்ணி விட்டுப் பாருங்க. ஒருத்தர் வெளிய ஹோஸ் பிடிக்கணும், ஒருத்தர் உள்ள டார்ச்சோட உட்காரணும். கீழேருந்து ஆரம்பிச்சு மேல போகணும். மேலேருந்து விட்டா எல்லாமே நனைஞ்சிடும், ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேர் வேலை சார். வீட்ல யாரையாவது கூப்பிட்டுக்குங்க.”

சரி என்றேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். ஹோஸை வண்டியின் முன்மூலையில் கயிற்றால் கட்டிவிட்டு, பின்னால் ஓடிவந்து, உள்ளே தவழ்ந்து டார்ச் அடித்தேன். பிறகு வெளியே வந்து கட்டை அவிழ்த்து அடுத்த இடத்தில் கட்டினேன். நான்காவது முறை உள்ளே போனபோது எங்கும் ஈரம். என் சட்டையிலிருந்து சொட்டியதா, கூண்டிலிருந்து சொட்டியதா என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிய்க்கத் தொடங்கலாம் என்று ஃபோமின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். நன்றாக ஒட்டியிருந்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாமா வந்தார். அவளுடைய அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை வருவார். மேலே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து, செய்தியைப் பார்த்துவிட்டுப் போவார். வண்டிப் பக்கம் போனதில்லை. இன்றும் நாலடி தள்ளியே நின்றார்.

“இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

“நாளைக்கு மேடம் வராங்க மாமா. ஒழுகுச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் பிச்சிடுவாங்க.”

“பிச்சா பிச்சுக்கட்டும்.”

அவர் ஹோஸைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாரு தண்ணி விடறது?”

“நான்தான்.”

“உள்ள யாரு பார்க்கறது?”

“அதுவும் நான்தான்.”

“டிரைவரும் நீங்க, கண்டக்டரும் நீங்க, பாசஞ்சரும் நீங்க. வண்டி வெளங்குமா?” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்தார். “ஏறுங்க உள்ள.”

“கத்தினா உங்களுக்குக் கேக்குமா மாமா?”

“எஞ்சின் பக்கம் நின்னு நின்னு வலது காது போச்சுன்னு ஊருக்கே தெரியும். என் பொண்ணு ரிப்போர்ட்டே குடுத்துட்டா. கத்தாதீங்க, தட்டுங்க. ஒரு தட்டுன்னா தண்ணி வருது, நிறுத்து. ரெண்டு தட்டுன்னா வரல, மேல போ. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், மாத்திச் சொன்னா என் கை கேக்காது.”

உள்ளே போனேன். அவர் கண்ணாடியை இறக்கி மூடினார். ஏழு மாதத்தில் முதல்முறையாக மூடிய கூண்டுக்குள் இருந்தேன். தெருவே இல்லாமல் போனது போல் இருந்தது. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

முன்பக்கத்தின் அடியில் தண்ணீர் விட்டார். டார்ச் அடித்தேன். காய்ந்திருந்தது. இரண்டு தட்டு. வலது விளிம்பு. இரண்டு தட்டு. இடது விளிம்பு, ஜன்னல்கள், கூரை, பிரேக் விளக்கு. எல்லாம் இரண்டு தட்டு. மெக்கானிக் சரியாகத்தான் செய்திருந்தார். கடைசியாக, கண்ணாடிக்குக் கீழே தொட்டியை மூடும் பின்கதவுக்கு வந்தார்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கேட்டது. சொட்டுகிற சத்தம் இல்லை, ஓடுகிற சத்தம். டார்ச்சை அணைத்தேன். மண்டியிட்டுக் காதை விரிப்பின்மேல் வைத்தேன். விரிப்புக்கு அடியில், தொட்டியின் தகரப் பள்ளங்கள் வழியாக, பின்கதவிலிருந்து முன்மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தெரு சரிவு. வண்டி எப்போதும் முகத்தைக் கீழ்ப்பக்கம் வைத்துத்தான் நிற்கும். பின்னால் நுழைந்த தண்ணீர் முன்னால் போய்த் தேங்குகிறது. நாங்கள் எல்லோரும் முன்பக்கத்தைச் சந்தேகித்தோம்.

கண்ணாடி திடீரென்று மேலே போனது. வெளிச்சத்தோடு ஹோஸ் தண்ணீரும் என் முகத்தில் அடித்தது.

“தட்ட வேண்டாமா மாப்ள? ஒண்ணோ ரெண்டோ, ஏதாவது ஒண்ணத் தட்டித் தொலைக்க வேண்டாமா?” அவருக்கு மூச்சு வாங்கியது.

“எவ்வளவு நேரம் ஆச்சு மாமா?”

“ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். போதாதா?”

விரிப்பை முன்மூலையிலிருந்து மடித்துத் தூக்கினேன். தொட்டியின் தரையில் நான்கு மூலையிலும் விரல் நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். எந்தப் பின்கதவும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. வருகிற தண்ணீர் போவதற்காகத்தான் அந்தத் துளைகள். எங்கள் வண்டியில் நான்கும் அடைபட்டிருந்தன. ஃபோமை வட்டமாக வெட்டித் திணித்து, மேலே டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் நீவிவிட்டிருந்தது. வேலையைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்தது. துளை என்றால் அவளுக்குச் சத்தம் வருகிற வழி. தண்ணீரைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அவள் அடைத்தபோது கோடை.

மாமா எட்டிப் பார்த்தார். வண்டிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“கெட்டிக்காரி. தண்ணி வெளிய போற வழியாப் பார்த்து அடைச்சிருக்கா.” கொஞ்சம் கழித்து, “நீங்க வெளிய அடைச்சீங்க, அவ உள்ள அடைச்சா. நல்ல பொருத்தம்” என்றார்.

டேப்பை உரித்தேன். அடைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முன்பக்க இரண்டிலிருந்தும் தண்ணீர் தெருவில் கொட்டியது. ஊறிய ஃபோம் கையில் பஞ்சாக இருந்தது. நான்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

துளையைத் திறந்தே விட்டால் தெருச் சத்தம் உள்ளே வரும். மேடம் அதையும் பார்ப்பார். ஹோஸின் நுனியில் நான்கு துண்டு வெட்டினேன். வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு துளையிலும் ஒன்றைச் செருகி, கீழ்முனையைப் பின்பக்கமாக வளைத்துக் கம்பியால் கட்டினேன். தண்ணீர் வளைந்து இறங்கிவிடும், சத்தம் நேராக ஏறாது என்பது என் கணக்கு. மாமா வெளியே குந்தியபடி கம்பியை வெட்டி வெட்டிக் கொடுத்தார். பின்கதவின் விளிம்பில் மெக்கானிக் மிச்சம் வைத்திருந்த ஃபோம் பட்டையை ஒட்டினோம். மறுபடி தண்ணீர் விட்டோம். உள்ளே வந்த கொஞ்சமும் கீழே போனது. முன்மூலை காய்ந்தே இருந்தது.

சத்தத்தை அளக்க அவளுடைய மீட்டர் மேலே இருந்தது. எடுத்துவந்தேன். கூண்டை மூடிவிட்டு ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். இரண்டு நிமிடம் எண் நாற்பதைத் தாண்டக் கூடாது.

“நான் உள்ள போறேன்” என்றேன்.

“நனைஞ்ச கோழி மாதிரி இருக்கீங்க. மீட்டர் மேல சொட்டும். குடுங்க, நான் பார்க்கறேன். நம்பர் படிக்கக் காது எதுக்கு, கண்ணு போதும்.”

ஏறினார். ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

வெளியே நின்றேன். எதிர்வீட்டு பால்கனியில் ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கூண்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பத்து வரை எண்ணியிருப்பேன். கை தானாகப் போய்த் தட்டியது.

கண்ணாடி திறந்தது. “என்ன?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“முப்பத்தாறுல அழகா நின்னுச்சு. நீங்க தட்டினதும் எழுபதுக்கு எகிறுது. பேசாம நில்லுங்க.”

மூடினேன். மறுபடி தட்டினேன்.

“மாப்ள, நான் என்ன டிக்கெட் எடுக்காமலா உட்கார்ந்திருக்கேன்? ரெண்டு நிமிஷம் விடுங்க.”

மூன்றாவது முறை தட்டியபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை முழுதாகத் தூக்கிவிட்டு, பின்கதவைக் கீழே இறக்கி அதன்மேல் உட்கார்ந்தார். மீட்டரை அணைத்தார்.

“முப்பத்தாறுதான். அந்தப் பொண்ணு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இப்ப சொல்லுங்க. என்ன?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது காதுப் பக்கம். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

கண்ணாடியைத் திறந்ததும் அவள் சரிந்து கிடந்தாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது உண்மைதான். எப்போது திறந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலை முழுவதும் தரையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். அது இந்தத் துளைகள்தான் என்று இன்றுதான் தெரிந்தது. முடித்துவிட்டு மீட்டரோடு உள்ளே உட்கார்ந்தாள். நான் இப்போது நின்ற இடத்தில்தான் நின்றேன். இருபது நிமிடம். அளந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். செருப்பு உரசினால் மீட்டரில் ஏறும் என்று காலைக்கூட நகர்த்தவில்லை.

மாமா நெடுநேரம் மீட்டரைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நடுவுல ஒரு தட்டு தட்டியிருக்கலாமே மாப்ள” என்றார். திட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அதனால் அவரிடம் சொன்னேன். அன்று உள்ளே உட்காரும்போது அவள் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே சொன்னேன்:

“இன்னும் எங்கேருந்தோ சத்தம் வருது. நான் கூப்பிடற வரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது.”