எலுமிச்சை பிழியாத வெள்ளிக்கிழமை

பத்ரிய்யாவின் வாயில் மொச்சை ஊறாது என்று எங்கள் சந்தில் சொல்வார்கள். போட்ட மொச்சை நனைவதற்குள் அதைத் துப்பிவிட்டு, கேட்ட சேதியை மூன்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று அர்த்தம். எங்கள் லெபனானின் திரிப்போலித் துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் போடுமுன்னே அதில் என்ன சரக்கு, கப்பல்காரனுக்கு எத்தனை பெண்டாட்டி என்று சொல்லக்கூடியவள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் என்ன? உப்பும் புளிப்பும் இல்லாத சேதியை யார் தின்பார்கள்?

அப்பேர்ப்பட்டவள், இலையுதிர் காலத்திலிருந்து ஒரே ஒரு சேதியை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் மீன்முள் மாதிரி அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

அடுத்த வீட்டு ஹஸ்னாவின் மூத்த மகன் சுஹைல் இத்தாலிக்கென்று ஒரு படகில் ஏறினான். படகு சைப்ரஸ் பக்கம் கவிழ்ந்தது. காவல் கப்பல் சிலரைத் தூக்கிக் கரை சேர்த்தது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ சிறையில் அடைத்திருக்கிறார்கள், போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பிள்ளையைத் தொலைத்த வீடுகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கின. ஆனால் பிழைத்தவர்களில் ஒருவன் நிஸார், பத்ரிய்யாவின் தங்கை மகன். முகாமிலிருந்து அவன் போன் செய்தான்.

"பெரியம்மா, சுஹைல் போயிட்டான். என் கண்ணு முன்னாலயே. அவங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

சொல்வதற்கு அவளைவிடத் தகுந்த வாய் லெபனான் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அந்த வாய்தான் திறக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். சாவு விழுந்த வீட்டில் எங்கள் ஆட்கள் தப்பூலே என்கிற பார்ஸ்லிக் கீரைப் பச்சடியைச் செய்வதில்லை. பத்தூஷ் செய்யலாம்; அது காய்ந்த ரொட்டியை உடைத்துப் போடுவது, காய்ந்த ரொட்டிக்கு ஏது துக்கம்? தப்பூலே அப்படியில்லை. அது பச்சைப்பசேல் என்று நாலு பேர் கூடி உட்கார்ந்து நறுக்கி, சிரித்துக்கொண்டே தின்பது. ஒரு வீட்டில் பார்ஸ்லி நறுக்கும் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் எல்லோரும் நலம்.

ஹஸ்னா வெள்ளிக்கிழமை தவறாமல் நறுக்கினாள். நறுக்கியதோடு விட்டாளா, தட்டுத் தட்டாகச் சந்து முழுக்க அனுப்பினாள். பிழைத்த மற்றவர்கள் மூலம் விஷயம் அரசல்புரசலாக எட்டியிருந்த சந்துக்காரர்களுக்குத் திண்டாட்டம். தின்றால், செத்தவன் வீட்டில் சிரித்துத் தின்ற பாவம். திருப்பி அனுப்பினால், உன் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயின் முகத்தில் சொன்னதாகிவிடும். எனவே எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

சுஹைலுக்கு நிச்சயம் செய்த பெண் மர்வாவும் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து புதினா ஆய்ந்தாள். வருங்கால மாமியார் வீட்டுக்கு வராமல் இருக்க முடியுமா? மாமியார் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று தட்டு அனுப்பிக்கொண்டிருக்கும்போது மோதிரத்தைக் கழற்றி நீட்டினால், இதே சந்து அவள் முகத்தில் துப்பும். இதற்கிடையில் சிட்னியில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவன் பெண் பார்க்க ஊருக்கு வந்திருந்தான். அவன் பெருநாள் முடிந்ததும் போய்விடுவான். வியாழக்கிழமை மர்வாவின் தாய் பத்ரிய்யாவின் சமையலறைக்கே வந்து நின்றாள்.

"ஊர்க்கதையெல்லாம் பேசறியே, இந்த ஒண்ண மட்டும் ஏன்டி அடைகாக்கிறே? நிஸார் என்ன பாத்தான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஹஸ்னாகிட்ட நீ சொல்லலேன்னா என் பொண்ணு கடல்ல கெடக்கறவனுக்குப் பொண்டாட்டியாவே கெழவியாயிடுவா."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கின்னு சொல்லிச் சொல்லி குளிர்காலமே போச்சு."

வெள்ளிக்கிழமை பத்ரிய்யா தன் கத்தியை எடுத்துக்கொண்டு ஹஸ்னா வீட்டுக்குப் போனாள். காலையிலேயே கழுவி, துணியில் பரப்பி உலர்த்திய பார்ஸ்லிக் கட்டுகள் மேசையில் குவிந்திருந்தன. மர்வா ஓரமாக உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். உடைத்த கோதுமை கிண்ணத்தில் இருந்தது, எலுமிச்சைச் சாறு விடுவதற்காகக் காத்துக்கொண்டு.

பார்ஸ்லியை நறுக்க ஒரு முறை உண்டு. கட்டை இறுக்கிப் பிடித்து, கூர்மையான கத்தியால் மெல்லியதாக ஒரே தடவை சீவிக்கொண்டு போக வேண்டும். வெட்டிய இடத்தில் மறுபடி கத்தி விழக்கூடாது. விழுந்தால் இலை நசுங்கிச் சாறு விட்டுக் கறுத்துக் கசந்துபோகும். இதில் பத்ரிய்யாவை அடிக்க ஆள் இல்லை; கை சீவிக்கொண்டிருக்க, வாய் ஊரைச் சீவிக்கொண்டிருக்கும்.

அன்று வாய் சும்மா இருந்தது. கைதான் உளறியது.

"என்ன பத்ரிய்யா, கசாப்புக் கடையில வேலைக்குச் சேந்துட்டியா?" என்றாள் ஹஸ்னா. "கீரையப் போட்டு இந்தக் கொத்துக் கொத்தறே?"

பத்ரிய்யா குனிந்து பார்த்தாள். பலகையெல்லாம் கரும்பச்சைச் சாறு.

"கத்தி மழுங்கிடுச்சு, உம் சுஹைல்."

உம் சுஹைல். சுஹைலின் தாய். எங்கள் பக்கத்தில் தாயை மூத்த பிள்ளை பேரால்தான் கூப்பிடுவோம். இத்தனை வருஷமாகப் பழகிய அந்தப் பேர் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பத்ரிய்யாவின் நாக்கைச் சுட்டது.

"கத்தி நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹஸ்னா. தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "தையல்காரன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளாமே. எனக்கு யார் சொன்னாங்க தெரியுமா? ரொட்டிக்கடைக்காரன். நீ இருக்கறப்ப நான் ஒரு சேதிய ரொட்டிக்கடையில கேக்கறதா?"

"மறந்துட்டேன்."

"நீ மறந்துட்டே!" ஹஸ்னா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "தங்கச்சி மகன் கடல்லேருந்து பொழச்சு முகாம்ல இருக்கான். வேற சமயமா இருந்தா சந்துல ஒவ்வொரு கதவாத் தட்டி இனிப்புக் குடுத்திருப்பே. எங்கிட்ட மூச்சு விடல. என் பையன் அவன் பக்கத்துல உக்காந்து போனவன், அவனப் பத்தி நீ ஒரு வார்த்த பேசல. அன்னைக்கே எனக்குத் தெரியும் பத்ரிய்யா. உன் வாய் மூடியிருந்தா அதுக்கு ஒரே அர்த்தந்தான்."

மர்வாவின் கையிலிருந்த புதினாக் காம்பு கீழே விழுந்தது.

"தெரிஞ்சுமா வாராவாரம் தட்டு அனுப்புனே?" என்றாள் பத்ரிய்யா.

"நீ சொல்லலையே. நீ சொல்லாத வரைக்கும் நான் நறுக்கலாம்ல?"

தான் இரக்கப்பட்டு மூடி வைத்த வாயைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரி இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது பத்ரிய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹஸ்னா மர்வாவின் வலது கையைப் பிடித்து இழுத்து மேசை மேல் வைத்தாள். மோதிரத்தைத் திருகித் திருகி விரல் வீங்கித் தோல் உரிந்திருந்தது. "இந்தக் கையப் பாத்துட்டு இன்னைக்கு நான் எப்படி நறுக்கறது? போதும். சொல்லு. அவ முன்னாலயே சொல்லு."

பத்ரிய்யா சொன்னாள். படகில் தண்ணீர் ஏறியது, எல்லோரும் ஒரே பக்கம் ஓடியது, கவிழ்ந்தது, நிஸாரும் சுஹைலும் காலி பெட்ரோல் கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தது. எல்லாம் சொன்னாள். அப்புறம் பழக்கதோஷம். "கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிக்கிட்டிருந்தானாம். அம்மா கையால ஒரு வாய் தப்பூலே தின்னா போதும்னு…"

"நிறுத்து." ஹஸ்னாவின் குரல் உயரவில்லை. "அது நீயாப் பிழிஞ்சது. எலுமிச்சையக் கீழ வச்சுட்டு, இருக்கறத மட்டும் சொல்லு."

வெறுமனே ஒரு சேதியைச் சொல்வது எப்படி என்று பத்ரிய்யாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வயதில் அதை அவள் செய்ததே இல்லை.

"அவன் ஒண்ணும் பேசலையாம்" என்றாள் கடைசியில். "குளிருல பல்லு கிட்டிப்போச்சாம். விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கையை விட்டுட்டானாம். நிஸார் கூப்பிட்டுப் பாத்தானாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹஸ்னா தலையை ஆட்டினாள். அழவில்லை. தப்பூலேவில் ஊற்ற எடுத்து வைத்திருந்த ஒலிவ எண்ணெயை எடுத்து மர்வாவின் விரலில் ஊற்றினாள். வீங்கிய கணுவில் மோதிரம் சிக்கியது. தேய்த்துத் தேய்த்து, குழந்தைக்கு நகம் வெட்டுகிற பொறுமையோடு கழற்றினாள். அதன் பிறகுதான் மர்வா அழுதாள்.

"வீட்டுக்குப் போ மகளே. சிட்னிக்காரன் பெருநாள் வரைக்கும் இருப்பான்ல? யாராவது ஏதாவது சொன்னா, மாமியாரே கழட்டிட்டாங்கன்னு சொல்லு."

மர்வா போனதும் பத்ரிய்யா மெதுவாகக் கேட்டாள். "இனிமே உன்ன எப்படிக் கூப்பிடறது?"

"எப்பவும் போலத்தான். அந்தப் பேரையும் கடல்ல போடச் சொல்றியா?"

"இல்ல, உம் சுஹைல்."

"அடுப்பப் பத்த வை. காப்பி போடு. சர்க்கரை வேண்டாம்."

சந்தில் அன்று மதியம் தட்டு வரும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். தட்டு வரவில்லை. துக்க வீட்டில் போடும் சர்க்கரை இல்லாத காப்பியின் வாசனைதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்கடைக்காரன் தன் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஹஸ்னா வீட்டு வாசலில் வரிசையாகப் போட்டான். பெண்கள் கறுப்பு முக்காடுகளைத் தேடி எடுத்தார்கள். பத்ரிய்யா யார் வீட்டுக்கும் போகவில்லை. அவளுடைய வாழ்க்கையில் மிகப் பெரிய சேதி அவள் ஒரு கதவையும் தட்டாமலே சந்து முழுக்கப் பரவியது.

அவள் உள்ளே ஹஸ்னாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் தொடாத மேசையில், இரண்டு தடவை வெட்டுப்பட்ட பார்ஸ்லி கறுத்துக்கொண்டிருந்தது.