குதிரை ஏறாதவன்

மகன் படுக்கையில் விழுந்து ஏழாவது மாசம், தம்பி மகன் ஜோஷ்வா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் சொருகினான். பங்கிராஸுக்கு அப்போதே பிடிக்கவில்லை. சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருப்பவன் எதையாவது ஓசியில் கொடுக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். யாரோ விளையாடி முடித்து விற்ற பழைய கேம் பெட்டி, கடையில் சும்மா கிடந்தது என்றான் ஜோஷ்வா. பங்கிராஸ் இரண்டு நாள் அந்தப் பெட்டியைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு திரிந்தார்.

மகன் இமானுவேல் ஒன்பது வருசம் ஜீப் ஓட்டியவன். விடியற்காலையில் ராயப்பன்பட்டியில் பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலையேறி ஏலத்தோட்டத்தில் இறக்குவான். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவான். ஒருநாள் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, பனிமூட்டத்தில் வளைவு தெரியாமல் உருண்டுவிட்டது. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் பிழைக்கவில்லை. இப்போது அவன் பெண்டாட்டி அனிதா மேரி, வேறு எவனோ ஓட்டும் ஜீப்பில் ஏறி அதே தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். பகல் முழுக்க வீட்டில் அப்பனும் மகனும்தான்.

ஆட்டத்தில் ஒரே ஒரு ஆள். அவன் முன்னால் ஒரு தேசமே கிடக்கும். தெற்கே துறைமுகம், வடக்கே கடைசியில் பனிமலை, மலைமேல் ஒரு கோயில். துறைமுகத்திலிருந்து அந்தக் கோயிலுக்கு நடந்தே போவது என்று இமானுவேல் வைத்துக்கொண்டான். குதிரை உண்டு, ஏறமாட்டான். மேப்பில் ஊரைத் தொட்டால் அந்த நிமிசமே அங்கே போய் நிற்கலாம், தொடமாட்டான்.

"ஏலே, குதிரைதான் சும்மா நிக்குதே. ஏறித் தொலைய வேண்டியதான?"

"நடந்து போறேம்ப்பா."

"நடந்து போனா எவனாச்சும் மால போடுவானா?"

"ஒருத்தனும் போடமாட்டான்." கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே சொன்னான். "ஒம்பது வருசம் கம்பமெட்டு ரோட்ல ஏறி எறங்குனேன். ரோட்டோரம் என்ன மரம் நிக்குதுன்னு கேளுங்க, தெரியாது. வளைவு தெரியும், எதுர வர்ற லைட்டு தெரியும். ஒரு தடவ வண்டிய நிப்பாட்டிட்டு எறங்கி நடந்துருக்கலாம்ல."

பங்கிராஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஆனால் மறுநாள் மத்தியானம் கஞ்சிச் சட்டியோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தார். நம்பாமலேதான் பார்த்தார்.

"உன் ஆளு என்னடா, மூணு நாளா நடக்குறான். ஒண்ணுக்குக்கூட ஒதுங்க மாட்டேங்குறான்?"

இமானுவேல் சிரித்தான். வண்டி உருண்ட பிறகு அந்த வீட்டில் சத்தமாகக் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அன்றைக்கிருந்து பங்கிராஸ் தினமும் ஏதாவது ஒன்று சொல்லி வம்புக்கிழுப்பார்.

மூன்று மாசம் நடந்தார்கள். பனிமலை அடிவாரத்துச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு இமானுவேலுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் ஒண்ணுக்கு ரத்தமாக வந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா பங்கிராஸைத் தனியாகக் கூப்பிட்டு, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றாள். பங்கிராஸ் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற நர்சுப்பிள்ளையைக் கேட்டார். அது தரையைப் பார்த்தது. அப்போது நம்பினார்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஜோஷ்வா வாசலில் நின்றான்.

"எப்படி இருக்கான் பெரியப்பா?"

"ஆள மலையடியில கொண்டாந்து நிப்பாட்டிட்டேனே, கோயிலு தெரியாமப் போயிருமேன்னு பொலம்பிக்கிட்டே கெடக்கான்."

"அவ்வளவுதான? ஒரு நிமிசம் இருங்க." ஜோஷ்வா டிவியைப் போட்டான். "மேப் முழுக்கத் தொறந்துதான் கெடக்கு. கோயிலத் தொட்டா ஆளு அங்கன நிப்பான். போட்டோ எடுத்துக் கொண்டுபோயிக் காட்டுவோம். புள்ள சந்தோசப்படும்."

பங்கிராஸ் வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்த நர்சுப்பிள்ளை தரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது. "தொடு" என்றார்.

திரை ஒருதரம் இருண்டது. ஆள் கோயில் படியில் நின்றான். மூன்று மாசம் நடந்தும் வராத இடம் மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது. ஜோஷ்வா எடுத்த போட்டோவைச் செல்போனில் வாங்கிக்கொண்டு பங்கிராஸ் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் இமானுவேல் செல்போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பனிமலை ஏறி வந்தவன் தோள்ல பனியே இல்லையேப்பா."

பங்கிராஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஜோஷ்வா பய வேலையா?"

"நாந்தான் தொடச் சொன்னேன்."

"கோவமில்லப்பா. விடுங்க."

கோபித்திருந்தால் பங்கிராஸ் தாங்கியிருப்பார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருசமாக, உயிரோடிருந்தவரை பெண்டாட்டியிடம் சொல்லாததை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாததை, அந்த வார்டில் வைத்துச் சொன்னார்.

"நீ பொறந்தா வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்னு மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். நீ பொறந்த மறுவருசம் ஊர்க்கூட்டத்தோட நடந்தேன். வையம்பட்டி தாண்டி, கால்ல கொப்புளம் ஒடஞ்சு சீப்புடிச்சுப் போச்சு. கூட்டம் முன்னால போயிருச்சு. நான் ஒரு வெங்காய லாரியக் கை காட்டி ஏறிட்டேன். திருச்சியில எறங்கி, கூட்டம் வந்ததும் ஒண்ணும் தெரியாதவனாட்டம் சேந்துக்கிட்டேன்."

"முடியாதவுக ஏறுறதுதானப்பா?"

"ஏறலாம். ஏறுனவன் மறுவருசம் ஏறுன எடத்துக்கே போயி, விட்ட தூரத்த நடந்து முடிக்கணும். அதான் மொற. நான் போகல. சொன்னாத்தான போகணும்? சொல்லவே இல்லியே." போர்வைக்குள் கிடந்த மகன் காலைத் தொட்டார். "அதுக்குத்தாண்டா மாதா உன் கால..."

"வாய மூடுங்க. லாரி ஏறுனது நீங்க. என் ஜீப்ப எதுக்குக் கவுக்கப்போறா? அவளுக்கு வேற சோலி இல்லையா?" இமானுவேல் சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்து, அனிதா மேரி தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அடங்கியதும் சொன்னான், "ஏறுன எடத்துக்குப் போறதுதான மொற? சத்திரத்துல நான் பண்ணுன சேவ் அப்படியே இருக்கு. அங்கன இருந்து நடங்க."

"நானா?"

"எனக்குக் கை நடுங்குது. நீங்க நடங்க, நான் வழி சொல்றேன்."

அன்று மத்தியானமே பங்கிராஸ் ராயப்பன்பட்டி வீட்டுக்குத் திரும்பினார். ஜோஷ்வா செல்போனை டிவிக்கு நேராகப் பிடித்தான். தேனியில் அனிதா மேரி இன்னொரு செல்போனைப் புருசன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பங்கிராஸ் ரிமோட்டைக் கையில் வாங்கினார். கொடி நறுக்கும் கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரலுக்கு, ஆளை நடத்தும் அந்தச் சின்னக் குமிழ் அடங்கவில்லை. ஆள் சத்திரத்துச் சுவரில் முட்டினான், திரும்பினான், மறுபடி முட்டினான்.

"என்னப்பா, சத்திரத்தையே சுத்திச் சுத்திக் கும்புடுறான்?"

"சும்மா இருடா. உன் ஆளு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குறான்."

"அமுக்காதீக, லேசாத் தள்ளுங்க. ஆங். பட்டமரம் தெரியுதா? அதுக்கு எடதுபக்கம் போங்க."

அவனுக்கும் தெரியாத வழிதான். படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். பாறையை ஒட்டிப் போங்க. தண்ணிச் சத்தம் கேக்குதுல்ல, அத விட்டு வெலகாதீக. நில்லுங்கப்பா, கொஞ்சம் திரும்பி அந்தப் பள்ளத்தாக்கக் காட்டுங்க. பங்கிராஸ் ஆளைத் திருப்பினார். கீழே, அவர்கள் மூன்று மாசம் நடந்துவந்த தேசம் பூராவும் வெயிலில் கிடந்தது. இமானுவேல் பார்த்து முடிக்கட்டும் என்று ஆளை அப்படியே நிறுத்திவைத்தார். பிறகு, "சரி, போலாம்" என்றான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினார்கள். இரண்டு மலைக்கு நடுவே கயிற்றுப் பாலம் வந்தது.

"ஏறுங்கப்பா. மெதுவா. கீழ பாக்காதீக."

பாதிப் பாலத்தில் குரல் நின்றுவிட்டது. "இமானு" என்று கூப்பிட்டார். அனிதா மேரிதான் பேசினாள். "கண்ண மூடிட்டாக மாமா. அசதி போல."

பங்கிராஸ் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"பக்கத்துல வந்துட்டோம் பெரியப்பா. இன்னும் கொஞ்சந்தான் இருக்கும்" என்றான் ஜோஷ்வா.

"அவன் முழிக்கட்டும். அவன் இல்லாம நான் மட்டும் போயி என்னத்தப் பண்ண?"

ஆளைப் பாலத்திலேயே நிற்கவைத்து, டிவியை அணைக்காமல், சாயங்கால பஸ்ஸைப் பிடித்தார். அவர் போனபோது இமானுவேலுக்கு நினைவில்லை. விடிகிற நேரத்தில் மூச்சு அடங்கியது.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடுவீட்டில் ஐஸ் பெட்டி வைக்க வேண்டும், பிளக் ஒன்றுதான் இருக்கிறது என்று உறவுக்காரர் ஒருவர் டிவி வயரையும் அந்தக் கேம் பெட்டி வயரையும் பிடுங்கிப் போட்டார். பங்கிராஸ் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். 

கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்து நாலாம் நாள், கூட்டமெல்லாம் போன பிறகு, ஜோஷ்வா வந்து வயரைத் திரும்பச் சொருகினான். ஆள் சத்திரத்து வாசலில் நின்றான்.

"பாலத்துலல்லடா நின்னான்?"

ஜோஷ்வா வயரை இன்னொரு தரம் அழுத்திச் சொருகினான். "இதுல சத்திரத்துக்குப் போனாத்தான் சேவ் ஆகும் பெரியப்பா. நடுவுல கரண்டு போனா... அன்னைக்கி நடந்தது நிக்கல."

மகன் வழி சொல்லி நடந்த ஒரு மணி நேரமும் எங்கேயும் பதிவாகவில்லை. பங்கிராஸ் பெட்டியைப் பார்த்தார். "களவாணிப் பெட்டி" என்றார். பிறகு ரிமோட்டை எடுத்தார்.

இந்தத் தடவை ஆள் சுவரில் முட்டவில்லை. பட்டமரத்துக்கு இடதுபக்கம் போனான். பாறையை ஒட்டிப் போனான். தண்ணிச் சத்தத்தை விட்டு விலகவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பங்கிராஸின் உதடு அசைந்தது. பள்ளத்தாக்கு வந்ததும் ஆளைத் திருப்பி நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்க்கவிட்டு, "சரி, போலாம்" என்றார். பாலத்தின் பாதியில் கை தானாக நின்றது.

பின்னால் அனிதா மேரி வந்து நின்றிருந்தாள்.

"மாமா, நீங்க பஸ்ல வந்துக்கிட்டிருக்கப்ப அவுக ஒருதரம் முழிச்சாக. அப்பா எங்கன நிக்காகன்னாக. பாலத்துலன்னு சொன்னேன். நடுப்பாலத்துல நிக்க வேணாம், காத்தடிக்கும், அந்தாண்ட எறங்கி நிக்கச் சொல்லுன்னாக." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் சொல்லாம விட்டுட்டேன் மாமா. உங்க மொகத்தப் பாத்ததும் மறந்துபோச்சு."

பங்கிராஸ் குமிழை லேசாகத் தள்ளினார். ஆள் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கி நின்றான். தோளெல்லாம் பனி.

அதற்கு மேலே பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் பனிக்குள் போயின. எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை.

மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துவிட்டு, பங்கிராஸ் நடுப்பாதையில் ஆளை விட்டார்.